பனைப் பொந்தும் ஒரு தீவுக் கிளியும்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் சீசனில் மண்டிக்குப் போய் 'கிளிமூக்கு' என்று கேட்டால், பெங்களூரா மாங்காயை எடுத்துக் காட்டுவார்கள். நுனி வளைந்து கிளியின் அலகு மாதிரியே இருக்கும். அந்த மூக்குக்குச் சொந்தக்காரர் அதே நேரம் தோப்பில் உட்கார்ந்து, ஒரு காயைக் கொத்திப் பாதி தின்றுவிட்டு மீதியைக் கீழே போட்டுவிட்டு அடுத்த காய்க்குப் போயிருப்பார். முழுசாகத் தின்றாலாவது மனசு ஆறும் என்று தோப்புக்காரர்கள் சொல்வார்கள்.

எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்தில், அரூர் போகும் வழியில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஒரு மொட்டைப் பனை நின்றது. தலை போய்ப் பல வருஷம் ஆகியிருந்தாலும் உடம்பு நின்றுகொண்டிருந்தது. அதன் நடுவில் கையளவு பொந்து. தை பிறந்தால் ஒரு ஜோடிக் கிளி அதில் குடி வந்துவிடும். ஆண் கிளியின் கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமும் கலந்த வளையம் இருக்கும், பெட்டைக்கு இருக்காது. அலகு இரண்டுக்கும் சிவப்புதான். பறவை நூல்களில் இதற்குச் செந்தார்ப் பைங்கிளி என்று பெயர். பெட்டை பொந்துக்குள் உட்கார்ந்திருக்க, ஆண் கிளி வந்து வாசலில் தொற்றிக்கொண்டு, தொண்டையிலிருந்து தீனியைக் கக்கி ஊட்டும். ஏறும்போது அலகை மூன்றாவது கால் மாதிரி ஊன்றிக்கொள்ளும். அதைப் பார்க்கவே நான் கொல்லைக்குப் போவதுண்டு.

பக்கத்துக் காட்டு ஆயாவுக்கு இந்தக் கிளிகளைக் கண்டாலே ஆகாது. சோளம் பால் பிடித்தால் போதும், தகரத்தைத் தட்டிக்கொண்டு வரப்பில் நிற்பார். ஒருநாள் என்னைப் பார்த்து, "ஏன் கண்ணு, இதுக்குப் போக வேற எடமே கெடைக்கலியா?" என்றார்.

சலித்துக்கொண்டு கேட்டதுதான். ஆனால் நான் எழுத நினைத்த விஷயத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. போக வேறு இடமே இல்லாத கிளி ஒன்று நிஜமாகவே இருக்கிறது. நம் கொல்லைக் கிளிக்கு அது நெருங்கிய சொந்தம். இந்தியப் பெருங்கடலில் மொரீஷியஸ் என்ற தீவில் மட்டும், அதிலும் பெரும்பாலும் அந்தத் தீவின் ஒரு மூலைக் காட்டில்தான் வாழ்கிறது. அதன் பெயர் எக்கோ கிளி.

ஓர் உயிர் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இயற்கையாக வாழ்கிறது என்றால் அதை ஓரிட வாழ்வி என்பார்கள். கேட்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கும். செந்தார்ப் பைங்கிளியோடு ஒப்பிட்டால் விஷயம் விளங்கும். நம் கிளி ஆப்பிரிக்காவில் ஒரு நீண்ட பட்டையிலும், இந்தியா முழுவதும், இலங்கையிலும் இயல்பாக வாழ்கிறது. கூண்டிலிருந்து தப்பியவை லண்டனில்கூடக் கூட்டமாகப் பறக்கின்றன. தர்மபுரியில் ஒரு பனை விழுந்தாலும், ஏன், ஒரு மாவட்டமே காய்ந்து போனாலும் அந்த இனத்துக்கு ஒன்றும் ஆகாது. ஓரிட வாழ்விக்கு அந்த வசதி கிடையாது. அங்கே ஒரு காடு போனால் அது உலகத்திலிருந்தே போன மாதிரி.

மொரீஷியஸ் நமக்கு அவ்வளவு அந்நியமான ஊர் இல்லை. அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை உண்டு. 1834-க்குப் பிறகு கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறிப் போனவர்களில் தமிழர்களும் நிறைய. இங்கிருந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தென்மேற்கே, மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தள்ளிக் கடல் நடுவில் நிற்கும் எரிமலைத் தீவு அது. பரப்பு சுமார் 1,865 சதுர கிலோமீட்டர். தர்மபுரி மாவட்டத்தில் பாதிகூடத் தேறாது.

எரிமலைத் தீவு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இலங்கை ஒரு காலத்தில் இந்தியாவோடு நிலத்தால் ஒட்டியிருந்தது. அங்குள்ள உயிர்களில் பல நடந்தே போயிருக்கலாம். மொரீஷியஸ் எந்த நிலத்தோடும் ஒருபோதும் ஒட்டியிருந்ததில்லை. சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியிலிருந்து எரிமலைக் குழம்பு எழும்பி உருவான நிலம். தொடக்கத்தில் அது வெறும் பாறை. அங்கே வந்து சேர்ந்தது எல்லாமே பறந்தோ, மிதந்தோ, இன்னொன்றின் வயிற்றிலோ காலிலோ ஒட்டிக்கொண்டோதான் வந்திருக்க வேண்டும். அதனால்தான் மனிதன் வரும்வரை அங்கே எலி இல்லை, குரங்கு இல்லை, பூனை இல்லை. பாலூட்டிகள் என்றால் பறந்து வந்த வௌவால்கள் மட்டுமே.

கிளி எப்படிப் போனது? மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், செந்தார்ப் பைங்கிளியின் பரம்பரையில் இருந்துதான் எக்கோ கிளி கிளைத்தது என்கிறார்கள். புயலில் அடித்துச் செல்லப்பட்டோ, தீவுக்குத் தீவு தத்தித் தத்தியோ ஒரு சிறு கூட்டம் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும். போனது திரும்பவில்லை. பின்னால் யாரும் வந்து கலக்கவும் இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்து, அந்தக் காட்டுக்கு எது தோதோ அப்படி மெல்ல மெல்ல மாறின. புது இனம் உண்டாவது என்பது பெரும்பாலும் இப்படித்தான். ஒரு நாளில் நடக்கும் அதிசயம் இல்லை. வெளியூர்ப் போக்குவரத்து நின்றுபோன ஊரில் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வேறாகிப்போவது போல.

பக்கத்துத் தீவுகளிலும் இதே கதைதான். ரியூனியன் தீவில் எக்கோ கிளியின் இன்னொரு கிளையினம் இருந்தது. ரொட்ரிக்ஸ் தீவில் நியூட்டன் கிளி என்று ஒன்று இருந்தது, அதில் நீல நிறப் பறவைகளும் உண்டு. சீஷெல்ஸ் தீவுகளில் இருந்தது நம் பெரிய பச்சைக்கிளியின் உறவு. ரியூனியன் கிளி 18-ஆம் நூற்றாண்டிலேயே போய்விட்டது. நியூட்டன் கிளியைப் பற்றிய கடைசிப் பதிவு 1875. சீஷெல்ஸ் கிளியும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் முடிந்துபோனது. மொரீஷியஸிலேயே பெரிய அலகுள்ள இன்னொரு கிளி இருந்து, டோடோ பறவை அழிந்த அதே காலகட்டத்தில் காணாமல் போயிற்று. ஆக, அந்தத் தீவுகளுக்கே உரிய பச்சைக்கிளி வகைகளில் இன்று மிச்சம் எக்கோ மட்டும்தான்.

சரி, பார்க்க எப்படி இருக்கும்? நம் கிளியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் அதே கிளிதான் என்று தோன்றும். அப்புறம்தான் வித்தியாசம் பிடிபடும். பச்சை இன்னும் அடர்த்தி. நம் கிளியின் பச்சையில் ஒரு மஞ்சள் பூச்சு இருக்கும், அதில் மரகதப் பச்சை. உடம்பு கொஞ்சம் பருமன், வால் கொஞ்சம் குட்டை, இறக்கை நுனி அவ்வளவு கூர் இல்லாமல் வட்டமாக இருக்கும். நம் கிளி அம்பு மாதிரி வெட்டவெளியில் கீச்சிட்டுக்கொண்டு ஊர் விட்டு ஊர் போகும். எக்கோ மரத்துக்கு மரம், பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு என்று காட்டுக்குள்ளேயே புழங்கும். அதன் குரலும் கொஞ்சம் கனத்த குரல்.

எனக்குப் பிடித்த வித்தியாசம் அலகு. நம் கிளியில் ஆண், பெண் இரண்டுக்கும் சிவப்பு மூக்கு. எக்கோவில் ஆணுக்கு மட்டும்தான் மேல் அலகு சிவப்பு, பெட்டைக்குக் கன்னங்கரேல் என்று இருக்கும். அதிலும் ஒரு வேடிக்கை: கூட்டை விட்டு வெளியே வரும் குஞ்சு, ஆணோ பெண்ணோ, செம்மஞ்சள் மூக்கோடு வரும். இரண்டு மூன்று மாதத்தில் அது கறுத்துவிடும். பெட்டைக்கு அப்படியே நின்றுவிடும், ஆணுக்கு மறுபடியும் சிவக்கும். கிளிமூக்கு மாங்காயும் பச்சையில் தொடங்கிக் கன்னத்தில் சிவப்பேறி மஞ்சளாவதால், நிறம் மாறும் மூக்கு நம்மூர்க்காரருக்குப் புதிதில்லை.

தீனி முழுக்க மரத்து மேலேதான். பழம், கொட்டை, பூ, மொட்டு, இலை என்று பருவத்துக்குக் கிடைப்பதைத் தின்னும். இலையை ஒரு காலில் பிடித்துக்கொண்டு நிதானமாகக் கடிக்கும். அது தேடிப் போகும் மரங்களின் பட்டியலைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நம் மகிழமரத்தின் வகையறா ஒன்று அதில் இருக்கிறது. நாவல் மரத்தின் சொந்தம் இருக்கிறது. கறுங்குங்கிலியத்தின் சொந்தம் இருக்கிறது. கருங்காலியும் இருக்கிறது. இப்போது நம்மூரில் பாதிப்பேர் கழுத்தில் கருங்காலி மாலை தொங்குகிறது இல்லையா, அந்தக் கருங்காலியின் பங்காளி மரம்தான். அங்கே அந்த மரத்தால் கிளிக்கு வந்தது அதிர்ஷ்டம் இல்லை. 1598-இல் டச்சுக்காரர்கள் தீவில் இறங்கினார்கள், 1638-இல் குடியேறினார்கள். அவர்கள் அங்கே கண்ட பெரிய வியாபாரம் கருங்காலிதான். நூற்றாண்டுக் கணக்கில் வளர்ந்த மரங்களை வெட்டிக் கப்பலில் ஏற்றினார்கள்.

கிழட்டு மரம் போனால் தீனி மட்டுமா போகிறது? பொந்தும் போகிறது. கிளிக்கு மரங்கொத்தி மாதிரி உளி மூக்கு இல்லை. ஏற்கெனவே இருக்கும் பொந்தைக் கொஞ்சம் கறண்டி அகலப்படுத்திக்கொள்ளும், அவ்வளவுதான். மொரீஷியஸில் மரங்கொத்தியே கிடையாது என்பதால் யாரும் துளைத்துக் கொடுக்கவும் மாட்டார்கள். ஒரு கிளை முறிந்து, அந்தக் காயம் உளுத்து, உள்ளே குடைந்து, கிளி புகும் அளவுக்குப் பொந்தாக மாறப் பல பத்தாண்டுகள் ஆகும். இளமரத்தில் பொந்து விழாது. நூறு நாற்று நடலாம், ஆனால் ஒரு பொந்தை நட முடியாது. இந்தக் கிளியின் கதையில் எல்லாம் சுற்றிச் சுற்றி வந்து நிற்பது இந்த ஓட்டையில்தான்.

ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் பெட்டை முட்டையிடத் தொடங்கும். இரண்டிலிருந்து நான்கு முட்டை. மூன்று வாரத்துக்கு மேல் பெட்டை மட்டுமே அடைகாக்கும், ஆண் தீனி கொண்டுவந்து ஊட்டும். சில கூடுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்கள் வந்து ஊட்டுவதும் உண்டு. குஞ்சு இரண்டு மாதம் போல் பொந்துக்குள்ளேயே கிடக்கும். நான்கு பொரித்தாலும் நான்கும் பறந்துவிடாது. தீனி குறைந்த காட்டில் பெரும்பாலும் ஒன்றுதான் தேறும்.

இனி அந்தப் பொந்துக்கு யார் யாரெல்லாம் எதிரிகள் என்று பாருங்கள். கப்பலோடு கருப்பு எலி வந்தது. மரமேறி, முட்டையையும் குஞ்சையும் தின்னும். தென்கிழக்கு ஆசியக் குரங்கு ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள், அதுவும் கூட்டில் கை விடும், காட்டுப் பழத்தைப் பழுக்கும் முன்பே பறித்து எறியும். பன்றியும் மானும் நாற்றுகளை மேய்ந்தன. தென் அமெரிக்காவின் ஒரு கொய்யா வகை புதராக மண்டி, சொந்த மரங்களின் கன்றுகளை எழவே விடாமல் அமுக்கியது. வெப்ப நாட்டு ஈ ஒன்றின் புழுக்கள் கூட்டில் இருந்துகொண்டு குஞ்சின் ரத்தத்தை உறிஞ்சும். மிச்சம் இருந்த சமவெளியைக் கரும்பு எடுத்துக்கொண்டது. 1970-களின் தொடக்கத்தில் மேட்டு நிலக் காட்டிலும் ஒரு பெரிய பகுதியைப் பைன் மரம் நடுவதற்காக அழித்தார்கள், அதற்கு உலக வங்கிப் பணம் வந்தது. நல்ல நிலையில் உள்ள சொந்தக் காடு கடைசியில் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை.

இதில் நம்மவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். 1762-இல் வெட்டுக்கிளியை ஒழிக்க இந்தியாவிலிருந்து மைனாவைக் கொண்டுபோனார்கள். அது பொந்துக்குச் சண்டை போடும் பறவை என்று யாரும் யோசிக்கவில்லை. 1886 வாக்கில் கூண்டிலிருந்து தப்பிய செந்தார்ப் பைங்கிளிகள் அங்கே பெருகின. ஆம், நம் கொல்லைக் கிளியேதான். போன இடத்தில் கரும்புக் காட்டிலும் தோட்டத்திலும் எதையும் தின்று ஆயிரக்கணக்கில் பெருகி, காட்டுக்குள் வந்து, எக்கோ கிளிக்குக் கிடைக்கும் பொந்துகளையும் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் ஒரே காட்டில் பறந்தாலும் ஜோடி சேர்வதில்லை. ஒரே பாட்டனின் வாரிசுகள், ஆனால் கிளைத்து ரொம்பக் காலம் ஆகிவிட்டது.

1980-களில் எண்ணிப் பார்த்தபோது மொத்தம் 8 முதல் 12 வரைதான் இருந்தன. அதில் முட்டையிடும் பெட்டைகள் மூன்று. உலகத்திலேயே அரிதான கிளி என்று அதற்குப் பெயர் வந்தது. ஒரு டவுன்பஸ்ஸில் பின்சீட்டு வரிசை இரண்டை நிரப்பக் காணாது. அப்போது மொரீஷியஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் கார்ல் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு உயிரியலாளர், 1979-இல் அங்கே போனவர். அவரும் மொரீஷியஸ் வனவிலங்கு அறக்கட்டளைக்காரர்களும் செய்த வேலை படிக்கப் படிக்கச் சுவாரசியம், ஏனென்றால் எல்லாமே கைவேலை.

பொந்து மரத்தைச் சுற்றி வழவழப்பான பிளாஸ்டிக் தகடு அடித்தார்கள், எலிக்கும் குரங்குக்கும் பிடி கிடைக்காது. தென்னைக்கு நாம் தகரம் கட்டுகிறோமே, அதே யோசனை. பக்கத்து மரத்துக் கிளை தொட்டுக்கொண்டிருந்தால் அதை வெட்டினார்கள், பாலம் இருந்தால் தகடு எதற்கு? கூட்டுக்குள் ஈப்புழு வராமல் மருந்து தூவினார்கள். மழைத் தண்ணீர் இறங்கும் பொந்துகளைச் சரிபண்ணினார்கள். ஒரு கூட்டில் மூன்று குஞ்சு பொரித்தால், தேறாது என்று தெரிந்த குஞ்சுகளை முன்கூட்டியே எடுத்துவிடுவார்கள். முட்டை கூமுட்டையாகிப்போன ஜோடியின் கூட்டில் ஒன்றை வைப்பார்கள், மீதியைக் கையால் ஊட்டி வளர்ப்பார்கள். தாய்க்கிளி தன் குஞ்சு, ஊரான் குஞ்சு என்று பார்ப்பதில்லை. வாயைத் திறந்தால் ஊட்டும்.

1990-களின் பிற்பகுதியில், வளர்த்த கிளிகளைக் காட்டில் விடத் தொடங்கினார்கள். மரத்தாலான கூட்டுப் பெட்டிகளைக் கட்டினார்கள். தீனிப் பெட்டிகளும் வைத்தார்கள். காட்டிலேயே பிறந்த கிளிகளுக்கு அது தீனி என்றே முதலில் தெரியவில்லை. மனிதர் கையில் வளர்ந்தவை போய்த் தின்பதைப் பார்த்துத்தான் அவையும் பழகின. வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் பெட்டியைத் திறந்து காட்டிய கதை மாதிரி.

கூட்டம் இத்தனை சிறிதாகிப் பிறகு பெருகினால் ஒரு வில்லங்கம் உண்டு. இன்று இருப்பவை எல்லாமே அந்த ஒரு கைப்பிடிக் கிளிகளின் பேரன் பேத்திகள். இதைத்தான் இடுக்குவழி என்று உயிரியலில் சொல்வார்கள். பானை நிறையப் பலவகைத் தானியம் இருந்தாலும், குறுகிய கழுத்து வழியே நாலு மணி மட்டும் வெளியே விழுந்தால், அந்த நாலில் எந்த வகை இருந்ததோ அதுதான் அடுத்த விதைப்பு. வகைகள் குறைந்தால் ஒரு நோய் வரும்போது எல்லோரும் ஒரே மாதிரி படுத்துவிடும் அபாயம் அதிகம். 2000-களின் நடுவில் அலகையும் இறகையும் தாக்கும் ஒரு வைரஸ் நோய் உண்மையாகவே அந்தக் கிளிகளிடம் பரவியது. இறகு கொட்டிச் செத்தவை உண்டு. எல்லாம் போய்விடுமோ என்று பயந்தார்கள், போகவில்லை.

அழியும் நிலையில் உள்ள உயிர்களின் உலகப் பட்டியலில், 2007-இல் எக்கோ கிளியை மிக மோசமான அபாயப் படியிலிருந்து ஒரு படி இறக்கினார்கள். 2019-இல் இன்னொரு படி. அப்போது காட்டில் 750-க்கு மேல் இருந்தன. பெரும்பாலும் தென்மேற்கில் பிளாக் ரிவர் கார்ஜஸ் தேசியப் பூங்காவில், 1994-இல் அறிவிக்கப்பட்ட சுமார் 67 சதுர கிலோமீட்டர் காட்டில். அதில் பலவும் இன்றைக்கும் மனிதன் அடித்த பெட்டியில்தான் முட்டையிடுகின்றன. நட்ட மரங்கள் கிழடு தட்டிப் பொந்து விழும்வரை அப்படித்தான்.

நம்மூரில் கிளியைப் பிடித்துக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நிறையப் பேருக்கு இது தெரியாது, தெரிந்தும் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் யாரோ ஒருவர் ஆசையாகக் கப்பலில் கொண்டுபோன கூண்டின் கதவு சரியாகச் சாத்தாததுதான் மொரீஷியஸில் இத்தனை தூரம் வந்திருக்கிறது.

எங்கள் மொட்டைப் பனைக்கு வருவோம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மைனா ஜோடி வந்து அந்தப் பொந்துக்கு உரிமை கொண்டாடியது. ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் ஒரே சத்தம். கிளி வாசலில் உட்கார்ந்துகொண்டு அலகை நீட்டும், மைனா பக்கத்துக் கொம்பில் இருந்து திட்டும். யார் ஜெயித்தார்கள் என்று தெரியும் முன்பே ஆடிக் காற்றில் பனை சாய்ந்துவிட்டது. விழுந்த பனையின் பொந்துக்குள் கை விட்டுப் பார்த்தேன். கொஞ்சம் மரத்தூளும், இரண்டு பச்சை இறகும், காய்ந்துபோன சோளக் கதிர் ஒன்றும் இருந்தன.

அடுத்த தையில் அதே கிளிகளோ வேறு ஜோடியோ, பள்ளிக்கூடத்துப் பின்சுவரில் சாரத்துக்கு விட்ட ஓட்டை ஒன்றில் குடியேறியிருந்தன. ஆயாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுக்கா எடம் கெடைக்காது" என்று சொல்லிவிட்டு, தகரத்தை எடுக்கப் போனார்.